குழந்தை மருத்துவப் பரிசோதனை

குழந்தை மருத்துவப் பரிசோதனை என்பது, பிறந்த நாள் முதல் வளரிளம் பருவம் வரையுள்ளோரின் உடல்நிலையையும் வளர்ச்சியையும் பார்த்தும், தொட்டும், கேட்டும், அளந்தும் அறியும் முறைகளையும், அவற்றைத் தொடர்ந்து செய்யப்படும் ஊசி, குருதி எடுப்பு, தண்டுவட நீர் எடுப்பு போன்ற செய்முறைகளையும் குறிக்கும். தன் நோவைச் சொல்லத் தெரியாத நோயாளிக்குச் செய்யப்படுவதாலும், மூச்சு, நாடித்துடிப்பு, மருந்தளவு ஆகிய ஒவ்வொன்றும் வயதுக்கும் எடைக்கும் ஏற்ப மாறுவதாலும், இது பெரியவர்களுக்கான பரிசோதனையிலிருந்து அடிப்படையிலேயே வேறுபடுகிறது. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தை உள்ளடக்கியிருந்த பழைய வட ஆற்காடு மாவட்டம், குழந்தைகளின் நிமோனியாவை எளிய அறிகுறிகளால் கண்டறியும் முறை உருவான வரலாற்றில் குறிப்பிடத்தக்க இடம் பெற்றது.

பழைய மரபுகள்

பிறந்த குழந்தையைச் சோதிப்பது பற்றிய தொன்மையான விரிவான குறிப்புகளுள் ஒன்று, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் சொரானசின் நூலில் உள்ளது. குழந்தை உரக்க அழுகிறதா, காது, மூக்கு முதலிய துளைகள் அடைப்பின்றி உள்ளனவா, மூட்டுகள் தடையின்றி மடங்கி நீள்கின்றனவா என்று பார்க்குமாறு அவர் மருத்துவச்சிகளுக்கு அறிவுறுத்தினார். இந்திய மரபில் குழந்தை மருத்துவத்துக்கென அமைந்த காசியப சம்ஹிதை, பேசாத குழந்தையின் நோவை அதன் செய்கைகளைக் கொண்டு அறிவதற்கெனத் தனி இயலையே ஒதுக்கியுள்ளது: கைகளால் காதைத் தொடுவது காது வலியையும், தலையை அசைத்துக் கண்களை மூடுவது தலைவலியையும் காட்டும் என்பது அதன் கூற்று.

தமிழகத்துச் சித்த மருத்துவத்தில் குழந்தை மருத்துவம் பாலவாகடம் என்ற தனிப் பிரிவாக வளர்ந்தது. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எண்வகைத் தேர்வைக் கொண்டு மாந்தம், கணம், தோடம் முதலிய குழந்தை நோய்கள் பிரித்தறியப்பட்டன. வீடுகளில் வசம்பு, சுக்கு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய் ஆகியவற்றை உரைகல்லில் இழைத்து உரைமருந்தாகப் புகட்டும் வழக்கம் இன்றும் உள்ளது. செங்கீரைக்கு ஐந்தாம் மாதம், சப்பாணிக்கு ஒன்பதாம் மாதம் என்று பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தின் பருவங்களுக்கு மரபு வகுத்த கணக்கு, தலை நிமிர்தல், கைதட்டுதல், நடத்தல் போன்ற வளர்ச்சிப் படிகளைத் தமிழர் காலவரிசையோடு கவனித்துவந்ததைக் காட்டுகிறது.

மருத்துவமனைகளின் காலம்

நவீன முறை ஐரோப்பிய மருத்துவமனைகளில் உருவானது. 1802இல் பாரிசிலும் 1852இல் லண்டனிலும் குழந்தைகளுக்கென மருத்துவமனைகள் திறக்கப்பட்டன. 1816இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் உருவாக்கிய ஸ்டெதஸ்கோப், நெஞ்சின் ஒலிகளைப் பிரித்துக் கேட்க வழிசெய்தது. 1891இல் ஜெர்மானிய மருத்துவர் குவிங்கே, முதுகெலும்புகளுக்கிடையே ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுக்கும் முறையை வெளியிட்டார். மூளைக்காய்ச்சலை உறுதிப்படுத்தும் முதன்மைச் செய்முறையாக அது இன்றும் நீடிக்கிறது. அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா அப்கார் 1953இல் வெளியிட்ட மதிப்பெண் முறையில், நாடித்துடிப்பு, மூச்சு, தசைத் திண்மை, தூண்டலுக்கான எதிர்வினை, நிறம் ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண் அளிக்கப்படுகிறது. பிறந்த முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் அவ்வாறு மதிப்பிடுவது உலகெங்கும் பிரசவ அறைகளின் நடைமுறையாயிற்று.

வட ஆற்காட்டில் இம்மருத்துவம் வேரூன்றியதில், 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் மருத்துவர் ஐடா ஸ்கடர் தொடங்கிய பணி முதன்மையானது. பெண்களையும் குழந்தைகளையும் மையமாகக் கொண்ட அப்பணி, பின்னர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. சென்னை எழும்பூரில் 1968இல் தொடங்கப்பட்ட அரசு குழந்தைகள் நல நிலையம், தமிழகத்தின் குழந்தை மருத்துவர்களுக்கு முதன்மையான பயிற்சிக்களமாக விளங்கிவருகிறது. அந்தப் பயிற்சி மரபை உருவாக்கியவர்களுள் எஸ்.டி. ஆச்சார் முன்னோடியாவார். அவர் பெயரால் வழங்கும் பாடநூலை இந்திய மருத்துவ மாணவர் பல தலைமுறைகளாகப் பயின்றுவருகின்றனர்.

வேலூர் ஆய்வு

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் நோய்களுள் நிமோனியா முன்னணியில் இருந்தபோதும், அதை உறுதிப்படுத்த எக்ஸ்ரே கருவியோ ஸ்டெதஸ்கோப்பில் தேர்ந்த செவியோ தேவைப்பட்டதால், இரண்டும் இல்லாத சிற்றூர்களில் நோய் காலங்கடந்தே தெரியவந்தது. இந்நிலையில் தாமஸ் செரியன், டி. ஜேக்கப் ஜான் உள்ளிட்ட வேலூர் ஆய்வாளர்கள், 1988இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 50 முறைக்கு மேலும், ஒன்று முதல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை 40 முறைக்கு மேலும் மூச்சுவிடுவதும், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு உள்வாங்குவதும் கீழ்ச் சுவாசப்பாதைத் தொற்றை நம்பகமாகக் காட்டும் அறிகுறிகள் என்று நிறுவினர். பப்புவா நியூகினி முதலிய இடங்களின் ஆய்வுகளும் இதே திசையில் அமைந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு நெறிகள் இன்று இரண்டு மாதத்துக்குட்பட்டோருக்கு 60, இரண்டு மாதம் முதல் ஓராண்டுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 என்ற எண்ணிக்கைகளை எல்லையாகக் கொள்கின்றன. மருத்துவர் அல்லாத ஒரு கிராம சுகாதார செவிலியரும் கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆபத்தைக் கண்டறியலாம் என்ற நிலை இதனால் ஏற்பட்டது.

பரிசோதிக்கும் முறை

குழந்தையைத் தாயின் மடியிலிருந்து பிரிக்காமல், தொடுவதற்கு முன் பார்ப்பதே முதல் விதி. குழந்தை உறங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுமையாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பச்சிளங்குழந்தையின் மூச்சு சீரற்றது என்பதால், அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது தவறான கணக்கைத் தரும். இதய ஒலி அழுகை தொடங்குமுன் கேட்கப்படுகிறது. குழந்தைக்குப் பிடிக்காத தொண்டை, காதுச் சோதனைகள் இறுதியில் செய்யப்படுகின்றன. மண்டையோட்டு எலும்புகள் இன்னும் கூடாத இடமான உச்சிக்குழி, குழந்தை நிமிர்ந்து அமைதியாக இருக்கும்போது தடவிப் பார்க்கப்படுகிறது: அது குழிந்திருந்தால் உடலில் நீர் வற்றியதையும், புடைத்திருந்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடியதையும் குறிக்கலாம். வயிற்றுத்தோலைக் கிள்ளி விட்டால் அது மெல்லத் திரும்புவதும் நீரிழப்பின் அடையாளமே. வயிற்றுப்போக்குள்ள குழந்தையின் உச்சி குழிந்ததைக் கண்டு அதன்மேல் விளக்கெண்ணெய் வைப்பதால் பயனில்லை. உப்புச் சர்க்கரைக் கரைசலும் தாய்ப்பாலுமே உயிர் காப்பவை. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் இந்திய மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் அக்கரைசலைப் பெருமளவில் பயன்படுத்தி அதன் ஆற்றலை மெய்ப்பித்தார். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் அது கடும் ஊட்டச்சத்துக் குறைபாடாகக் கொள்ளப்படுகிறது.

செய்முறைகளும் வலியும்

பச்சிளங்குழந்தையின் குருதி குதிகாலின் பக்கவாட்டில் குத்தி எடுக்கப்படுகிறது. தசைவழித் தடுப்பூசி தொடையின் முன்பக்கவாட்டில் போடப்படுகிறது. தண்டுவடம் சிசுக்களில் பெரியவர்களைவிடச் சற்றுக் கீழே முடிவதால், தண்டுவட நீர் இடுப்புப் பகுதியின் கீழ் இடைவெளிகளிலேயே எடுக்கப்படுகிறது. நெருக்கடியில் சிரை கிடைக்காவிட்டால், முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் மச்சைக்குள் ஊசி செலுத்தி நீரும் மருந்தும் ஏற்றப்படுகின்றன.

பிறந்த குழந்தைக்கு வலியுணர்வு முழுமையாக இல்லை என்ற தவறான எண்ணம் நெடுங்காலம் நிலவியதால், போதிய வலிநீக்கியின்றியே அறுவைகள் நடந்தன. இந்திய வம்சாவளி மருத்துவரான கே.ஜே.எஸ். ஆனந்தும் உடன் ஆய்வாளர்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வு, வலிநீக்கி பெற்ற குறைமாதக் குழந்தைகளில் அறுவைக்கான உடல் அழுத்தம் குறைந்து, அவர்கள் நன்கு தேறினர் என்று காட்டி, அந்நிலையை மாற்றியது. ஊசி போடும்போது தாய்ப்பால் கொடுப்பது வலியைக் குறைக்கும் என்பதும் பின்னர் உறுதிப்பட்டது.

திருவண்ணாமலையில்

1989இல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான திருவண்ணாமலையில், 2013இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் நடுவண் அரசு தொடங்கிய ராஷ்டிரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டம், அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் 18 வயது வரை தேடிக் கண்டறிய வகைசெய்தது. வேண்டுதலால் பிறந்த குழந்தையைக் கரும்புத் தொட்டிலில் இட்டு அருணாசலேசுவரர் கோயிலின் மாடவீதிகளில் சுமந்துசெல்லும் பெற்றோரின் அக்கறைக்கு இங்கே குறைவில்லை. ஆனால் ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் போன்ற பகுதிகளிலிருந்து மருத்துவமனையை அடையும் தொலைவும், அறிகுறியை அறியாமல் கழியும் நேரமுமே உயிருக்கு இடையூறாகின்றன.

மாதிரிப் பதிவு முறையின் 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளுக்கு ஓராண்டுக்குள் இறப்போர் இந்தியாவில் 28, தமிழகத்தில் 13. இவ்வெண்ணிக்கை மேலும் குறைவதற்குப் புதிய கருவிகள் துணைநிற்கும். ஆயினும் பால் குடிக்க மறுத்தல், வலிப்பு, வேகமான மூச்சு, நெஞ்சு உள்வாங்குதல், உடல் சில்லிடுதல், எழுப்பியும் விழிக்காமை ஆகிய அறிகுறிகளுள் ஒன்றைக் கண்டாலும் கைவைத்தியத்தில் நேரம் போக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதை ஒவ்வொரு வீடும் அறிந்திருப்பதே முதல் தேவையாகும்.