அளவுகோலை எங்கே வைப்பது?



ஒருமுறை நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் மேசையின் நீளத்தை அளக்கச் சொன்னோம். மேசை ஒன்றுதான், விடைகளோ ஏழெட்டு வந்தன. கவனக் குறைவு என்று முதலில் சினந்துகொண்டோம். பிறகு பார்த்தால், சிலர் அளவுகோலின் மர விளிம்பிலிருந்து அளந்திருந்தார்கள். சிலர் சுழியிலிருந்து, தேய்ந்த கோல் கிடைத்தவர்கள் 1 என்ற கோட்டிலிருந்து. எங்கே தொடங்குவது என்று நாம்தான் சொல்லிக் கொடுக்கவில்லை. இதே சிக்கல் தேர்ந்த மருத்துவர்களுக்கும் வந்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் ‘எக்கோ’ எடுத்தவர்கள் நம்மிடையே உண்டு. நம் காதுக்கு எட்டாத ஒலியை மார்பினுள் செலுத்தி, இதயத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் படமாக்குவதே எக்கோ. இதன் தொடக்கம் ஒரு கப்பல் பட்டறையில். சுவீடன் நாட்டு மால்மோ நகரில், உலோகத்தினுள் விரிசல் உண்டா என்று பார்க்க ஓர் ஒலிக்கருவி வைத்திருந்தார்கள். இயற்பியல் அறிஞர் கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ் அதைத் தம் மார்பிலேயே வைத்துப் பார்த்தார். திரையில் எதிரொலி துடித்தது. பின்பு இரவல் கருவி ஒன்றைக் கொண்டு, 1953 அக்டோபர் 29ஆம் நாள், அவரும் மருத்துவர் இங்கே எட்லரும் லுண்ட் நகரில் இதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர்.

கோடு தெரிந்தது. ஆனால் அது எதனுடைய கோடு? வேகமாக ஏறி இறங்கிய ஒரு கோட்டை, இதயத்தின் இடது மேலறைச் சுவர் என்றே எட்லர் முதலில் எண்ணினார். பிறகு, இறந்துபோன நோயாளிகளின் மார்பில், ஒலி சென்ற அதே திசையில் கூரிய ஊசியைச் செலுத்திச் சோதித்தார். கோடு சுவருடையதன்று, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வின் முன் இதழுடையது என்று தெரிந்தது. தம் கருத்தைத் தாமே இப்படிச் சோதித்துத் திருத்திக்கொண்ட இந்த மனிதரை நமக்கு மிகவும் பிடிக்கிறது.

கருவி பரவியதும் கற்பிப்பவர் தேவைப்பட்டனர். 1968இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் ஹார்வி ஃபைகன்பாம் என்ற மருத்துவர் இதற்கென்றே பயிற்சி வகுப்பு நடத்தினார். மருத்துவர் அல்லாதவர்களும் இத்தொழிலைப் பழகலாயினர்.

ஆனால், பழகியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி அளந்தார்களா? 1978இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் கேட்டது. ஐந்து இதயப் பதிவுகள் கொண்ட 400 கட்டுகளை அனுப்பி, பெயர் எழுதாமல் அளந்து தரும்படி வேண்டினார்கள். 76 பேர்தான் திருப்பி அனுப்பினர். (வீட்டுப்பாடம் திருத்துகிற நமக்கு இதில் வியப்பில்லை.) பெருந்தமனியின் அகலத்தைச் சிலர் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை அளந்திருந்தார்கள், வேறு சிலர் வெளிவிளிம்பிலிருந்து உள்விளிம்புவரை. முதல் முறையில் அளவின் தடுமாற்றம் நூற்றுக்கு ஏறக்குறைய 24. இரண்டாவதில் நூற்றுக்கு ஏறக்குறைய 14. இதயம் விரிந்து முடியும் நொடி எது என்பதிலும் ஒற்றுமை இல்லை. ஆகவே எந்த விளிம்பு, எந்த நொடி என்று விதி வகுத்தார்கள்.

ஒரு மில்லிமீட்டரில் என்ன போயிற்று என்று நினைக்கக் கூடாது. இதயத்தின் இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான். அதில் இரண்டு மில்லிமீட்டர் பிசகினால், நலமான இதயம் நோயுள்ளதாகிவிடும், நோயுள்ளது நலமாகிவிடும். அதனால்தான் புதிதாகப் பழகுவோரை, முன்பு எழுதிய விடையைப் பார்க்கவிடாமல் அதே படத்தை மறுபடியும் அளக்கச் செய்கிறார்கள். ஆசிரியரும் அதைத் தனியே அளந்து, இரண்டையும் ஒப்பிடுகிறார்.

நம் பிள்ளைகளுக்கு இதில் என்ன தொடர்பு? தொண்டைப் புண்ணுக்குப் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுக்கும். நெருக்கடியான குடியிருப்புகளிலே வளரும் பிள்ளைகளைத்தான் அது மிகுதியும் பிடிக்கிறது. கெட்ட வால்வின் வழியே இரத்தம் பின்னோக்கிக் கசியும். அந்தக் கசிவின் நீளத்தை எக்கோவில் அளக்கலாம். குறைந்தது 2 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது உலக இதயக் கூட்டமைப்பு 2012இல் தந்த விதிகளில் ஒன்று.

நம்மவர் பலர் கரும்புத் தோட்டங்களுக்குப் போன பிஜித் தீவில், முன்பின் எக்கோ பழகாத ஏழு தாதியருக்கு எட்டு வாரப் பயிற்சி கொடுத்து, பள்ளிப் பிள்ளைகளின் இதயத்தைப் பார்க்கச் செய்தனர். 2016இல் முடிவுகள் வெளிவந்தன. நோயுள்ள பிள்ளைகளில் பெரும்பாலோரைத் தாதியர் கண்டுபிடித்திருந்தனர். ஆயினும் ஏழு பேரும் ஒருபோலத் தேறவில்லை. ஒருவருக்கும் மற்றவருக்கும் வேறுபாடு இருந்தது. ஐயமுள்ள பிள்ளைகளை இதய மருத்துவர் மறுபடி பார்க்கத்தான் வேண்டியிருந்தது.