வீட்டு வரி ரசீதும் நத்தம் பட்டாவும்



"வீட்டு வரி ரசீது என் பேர்ல இருக்கு, அப்போ வீடு என்னுதுதானே சார்?" என்று இந்த ஒரு வருடத்தில் நாலைந்து பேர் போனில் கேட்டுவிட்டீர்கள். அது மட்டும் போதாது என்பதுதான் பதில். ஆனால் நாட்றாம்பாளையம், அஞ்செட்டிப் பக்கம் பாதி ஊர் அப்படி நம்புவதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ராஜராஜ சோழன் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் நிலக்கணக்கு இருக்கிறது. ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லிவிட்டு, ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு இவற்றையெல்லாம் இறையிலி என்று கழித்திருக்கிறார்கள். மீதி நிலத்துக்குத்தான் வரி. விளைகிற மண் வரி கொடுக்க வேண்டும், குடியிருக்கிற மண் கொடுக்க வேண்டாம் என்பது கணக்கு. (சேரியைத் தனியாக எழுதியிருப்பதையும் கவனியுங்கள். வரிவிலக்கில் வந்த சமத்துவம் குடியிருப்பில் வரவில்லை.) மனையிறை என்ற வரியும் வேறு கல்வெட்டுகளில் வருகிறது. அதனால் எல்லா இடத்திலும் வீடு தப்பித்தது என்று சொல்ல முடியாது.

1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு பாரமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் அங்கே நிலத்தை அளந்தார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை சேர்ந்த நம்முடைய பாலகாட் பகுதி, திப்பு இறந்த 1799க்குப் பிறகுதான் கம்பெனி கைக்குப் போனது. ரயத்துவாரி முறையில் வயலுக்கு வயல் தீர்வை, தீர்வை கட்டுகிறவர் பெயரில் பட்டா. நத்தத்துக்குத் தீர்வை கிடையாது. தீர்வை இல்லாததால் வீட்டுக்கு வீடு பட்டா கொடுக்க வேண்டிய அவசியமும் வரவில்லை. முழு நத்தமும் பெரும்பாலும் ஒரே புல எண்ணாகக் கிடந்தது. வரி இல்லாத சலுகை, கையில் ஆதாரம் இல்லாத நிலைமையாக மாறியது இப்படித்தான்.

வீட்டின் மீதான வரி வேறு வழியாக வந்தது. தறி, கடை, தொழில் எல்லாவற்றுக்கும் கம்பெனி மொகதர்பா வரி வாங்கியது. சில இடங்களில் வீட்டுக்கும் வாங்கினார்கள். 1852ல் தொடங்கிய சென்னை சுதேசி சங்கம் இதை எதிர்த்து லண்டன் பாராளுமன்றத்துக்கே மனு அனுப்பியது. 1861ல் அந்த வரி ஒழிந்தது. பிறகு 1884 உள்ளாட்சிச் சட்டத்தில் யூனியன்களுக்கு வீட்டு வரி வந்தது. இது சர்க்கார் கஜானாவுக்கு இல்லை, ஊரின் விளக்குக்கும் பாதைக்கும். இன்றைய 1994 ஊராட்சிச் சட்டத்திலும் வீட்டு வரி ஊராட்சியின் சொந்தப் பணம்தான். வழிபாட்டு இடம், பள்ளிக்கூடம், சத்திரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. நம் வீடு சின்னது என்பதற்காக யாரும் தானாக விலக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

டெக்சாஸில் இருக்கும் என் மாணவர் ஒருவர் அங்கே கவுண்டி வரி பற்றி எழுதியிருந்தார். சொந்த வீட்டில் குடியிருப்பவருக்குப் பள்ளிக்கான வரியில் வீட்டு மதிப்பிலிருந்து ஒரு லட்சம் டாலர் கழித்துக் கணக்கிட 2023ல் வாக்களித்தார்களாம். ஆனால் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். மும்பையில் 2022லிருந்து 500 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்குச் சொத்து வரியே இல்லை.

மறுபடி நம் ரசீதுக்கு வருவோம். பட்டா இல்லாத நத்தத்தில் குடும்பத்தின் கையில் இருந்த ஒரே அரசாங்கச் சீட்டு அதுதான். மகன் ஓசூர் சிப்காட் வேலைக்குப் போய்விடுவான், ஊரில் இருக்கும் தம்பி வரி கட்டுவான், ரசீதில் அவன் பெயர் ஏறிவிடும். இருபது வருடம் கழித்து அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோகும். இப்படி நின்ற குடும்பங்களை எனக்குத் தெரியும். ரசீது வரி கட்டியதைக் காட்டும், குடியிருப்பதற்கும் ஓரளவு சாட்சி. உரிமையைத் தீர்மானிக்காது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன.

நத்தம் நிலவரித் திட்டம் வந்தபின் வீட்டு மனைகளைத் தனித்தனியாக அளந்து முதலில் தோராயப் பட்டாவும், ஆட்சேபணை கேட்டபின் தூய பட்டாவும் கொடுத்தார்கள். பல வீடுகளில் அது இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. அந்த நத்தம் பட்டாவை வீட்டில் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் தாலுகா அலுவலகத்தில் நகல் கேளுங்கள். வாரிசுச் சான்றிதழையும் கையோடு எடுத்துப் போங்கள், பெயர் மாற்ற அதைத்தான் முதலில் கேட்பார்கள்.