பக்கத்து வீட்டுப் பேரியம்

போன எபிசோடுல நான் ஒண்ணு சொன்னேன்: ஒளியைப் பிரிச்சுப் பாத்தா, அந்த நட்சத்திரம் தனக்குள்ள என்ன சமைச்சிருக்குன்னு தெரிஞ்சிடும்னு. அதைத் திருத்தணும். சமைச்சது வேற ஆளா இருக்கலாம்.

1951. பிடெல்மன், கீனன் என்ற இரண்டு அமெரிக்க வானியலாளர்கள், வயதான சில ராட்சத நட்சத்திரங்களின் நிறமாலையில் பேரியத்தின் கோடு அளவுக்கு மீறி அழுத்தமாக இருப்பதைக் கவனித்தார்கள். ஆமா, எக்ஸ்ரே எடுக்கும் முன்னாடி குடிக்கச் சொல்வாங்களே, அதே பேரியம்தான். இந்த வகைக்குப் 'பேரியம் நட்சத்திரங்கள்' என்று பெயர் வந்தது.

அடுத்த வருடமே பால் மெரில் இன்னொரு வகை நட்சத்திரங்களில் டெக்னீசியத்தைக் கண்டுபிடித்தார். டெக்னீசியம் நிலைக்காது, சிதைந்துவிடும். நட்சத்திரங்களில் உருவாகிற வகைக்கு அரை ஆயுள் சுமார் 2 லட்சம் வருஷம், பிரபஞ்சக் கணக்குல நேத்து சாயங்காலம் மாதிரி. அப்போ அது அங்கேயே, புதுசா சமைச்சது. நட்சத்திரங்கள் தனிமங்களை உருவாக்குகின்றன என்பதற்கு நேரடி ஆதாரம் கிடைத்தது. 1957-ல் பர்பிட்ஜ் தம்பதி, ஃபவுலர், ஹாயில் நால்வரும் எழுதிய கட்டுரை அந்தச் சமையல் குறிப்பையே எழுதி வைத்தது.

ஆனா பேரியம் நட்சத்திரங்கள் அதுல உதைச்சுது. நியூட்ரான்களை மெல்ல மெல்ல விழுங்கி பேரியம் செய்வது, வாழ்வின் கடைசிக் கட்டத்தில் நடக்கிற வேலை. இவை இன்னும் அந்தக் கட்டத்துக்கே வரவில்லை. டெக்னீசியமும் இல்லை. ஒன்று கோட்பாட்டில் ஓட்டை, இல்லை யாரோ கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள்.

விடை வர கிட்டத்தட்ட 30 வருடம் ஆனது. கனடாவின் விக்டோரியாவில் ராபர்ட் மெக்ளூரும் சகாக்களும் இந்த நட்சத்திரங்களின் வேகத்தை வருடக்கணக்கில் அளந்தார்கள். நம்மை நோக்கி வருவதும் விலகுவதுமாக, நொடிக்குச் சில கிலோமீட்டர் ஆட்டம், அவ்வளவுதான். ஒரு சுற்றுக்குப் பல வருடம் ஆகலாம். ஒரு ராத்திரி பாத்துட்டுப் போனா எதுவுமே தெரியாது. எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆட்கள் இவர்கள்தான். புதுக் கோட்பாடு எதுவும் இல்லாம, திரும்பத் திரும்ப அளந்தாங்க. 1980-ல் அறிவித்தார்கள்: பேரியம் நட்சத்திரங்கள் ஜோடி நட்சத்திரங்கள்.

அதாவது, ஜோடியில் எடை கூடியது முதலில் கிழடாகி, பேரியம் சமைத்து, தன் மேல் அடுக்குகளைக் காற்றாக ஊதியது. பக்கத்தில் சுற்றியது அதை வாங்கிப் பூசிக்கொண்டது. கொடுத்தது சுருங்கி வெள்ளைக் குள்ளன் ஆனது. வாங்கியது ராட்சதனாக வீங்குவதற்குள் டெக்னீசியம் சிதைந்து போயிற்று, பேரியம் மட்டும் தங்கிவிட்டது.

அதே 1980-ல் எரிகா போம்-விடென்சே, மகர ராசி மண்டலத்தில் இருக்கும் ஜீட்டா என்ற பேரியம் நட்சத்திரத்தின் பக்கத்தில், புற ஊதாக் கதிரில் அந்தக் குள்ளனையே பிடித்துவிட்டார். அந்த ஜீட்டா வெறும் கண்ணுக்கே தெரியும். செப்டம்பர், அக்டோபர் ராத்திரியில தெற்குப் பக்கம் பாருங்க, ஊர் வெளிச்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தா.