வழி யாருக்குச் சொந்தம்? தேம்ஸ் ஆற்றில் ஒரு இரவும் மூன்று தீர்ப்புகளும்

சந்தியில் பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் இடையில் "எனக்குத்தான் முதல்" எண்டு நடக்கிற சண்டையை நாங்கள் எல்லாரும் கண்டிருக்கிறம். ரோட்டில் கோடு இருக்கு, லைற் இருக்கு, பிரேக் இருக்கு. தண்ணியில் இது ஒண்டும் இல்லை. ஓடுகிற கப்பலை நினைத்த இடத்தில் நிப்பாட்ட ஏலாது. கீழே தண்ணியும் சேர்ந்து ஓடும். அப்ப அங்கே யார் யாருக்கு விலகுவது? இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் எத்தனை சாவு இருக்கு எண்டதைத் தேடிப் போனபோது, நாங்கள் வந்து நின்ற இடம் லண்டனின் தேம்ஸ் ஆறு.

1878 செப்டெம்பர் 3, பின்னேரம். 'பிரின்ஸஸ் அலிஸ்' என்ற துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல், கடற்கரைக்கும் பூங்காவுக்கும் போய்வந்த சனத்தை ஏற்றிக்கொண்டு லண்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பெரும்பாலும் சாதாரண குடும்பங்கள். பிள்ளைகளும் கூட. இரவு ஏழரை தாண்டின நேரம், வூல்விச்சுக்குக் கிட்ட ஆறு வளையிற ஒரு முனையைக் கப்பல் சுற்றி வந்தது. எதிரே 'பைவெல் காசில்' என்ற நிலக்கரிக் கப்பல், சரக்கு இல்லாமல் வெறுமையாக, வற்று நீரோட்டத்தோடு கீழே இறங்கி வந்தது. அது அலிஸைவிடப் பல மடங்கு பெரிய இரும்புக் கப்பல். அதன் அணியம் அலிஸின் வலப்பக்கச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஏறியது. அலிஸ் இரண்டாக உடைந்து, நாலைந்து நிமிசத்துக்குள் தாழ்ந்தது.

இறந்தவர்கள் 600 பேருக்கு மேல். கப்பலில் பயணிகள் பட்டியல் எண்டு ஒண்டு இருக்கவில்லை. ஆகவே எத்தனை பேர் ஏறினார்கள் என்பதே ஒருநாளும் சரியாக எண்ணப்படவில்லை. இதற்குள் இன்னொரு கொடுமை: லண்டன் நகரத்தின் கழிவு நீரைக் கொட்டுகிற வாய்கள் அதே இடத்துக்குக் கிட்டத்தான் இருந்தன. விபத்துக்குச் சுமார் ஒரு மணித்தியாலத்துக்கு முன்தான் அவை திறக்கப்பட்டிருந்தன. நீந்தத் தெரிந்தவர்களும் அந்தத் தண்ணியில் தான் விழுந்தார்கள். எடுத்த உடல்களில் 120 பேர் அளவில் யார் எண்டு தெரியாமலே புதைக்கப்பட்டார்கள்.

சரி, பிழை யாருடையது?

இங்கேதான் வரலாறு சுவாரசியமாகுது, கொஞ்சம் கோபமும் வருகுது. ஏனெண்டால் விதி ஏற்கெனவே இருந்தது. 1840 இல் இங்கிலாந்தின் கலங்கரை விளக்கங்களைப் பார்க்கிற டிரினிற்றி ஹவுஸ், எதிரெதிரே வரும் நீராவிக் கப்பல்கள் ஒன்றையொன்று இடப்பக்கமாக விட்டுக் கடக்க வேண்டும் எண்டு ஒரு விதி எழுதியது. அதாவது இரண்டும் வலது பக்கம் ஒதுங்க வேண்டும். 1846 இல் இது சட்டமாயிற்று. 1863 இல் பிரித்தானியாவும் பிரான்சும் சேர்ந்து ஒரே விதித்தொகுப்பை ஏற்றன. அடுத்த வருட முடிவுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்துவிட்டன. தேம்ஸ் ஆற்றுக்கும் 1872 இல் தனியாக விதி இருந்தது. அதுவும் இடப்பக்கமாகக் கடக்கச் சொன்னது.

ஆனால் ஆற்றில் ஓடினவர்களிடம் வேறொரு வழக்கம் இருந்தது. வற்று நேரத்தில் ஆற்றின் நடுவில் நீரோட்டம் பலமாக இருக்கும். எதிர்த்து மேலே வருகிற கப்பல் முனையைச் சுற்றியதும், ஓட்டம் குறைந்த கரைப்பக்கமாக ஒட்டிப் போகும். நிலக்கரியும் மிஞ்சும், நேரமும் மிஞ்சும். புத்தகத்தில் ஒரு விதி, தண்ணியில் இன்னொரு விதி. அன்றிரவு பைவெல் காசிலின் கப்டன் ஹரிசன், எதிரே வருவது ஆற்றைக் குறுக்கே வெட்டி வடகரைக்குப் போகுது எண்டு நினைத்து, அதன் பின்பக்கமாகப் போகத் திட்டமிட்டார். அலிஸோ தெற்குப் பக்கம் திரும்பியது. மற்றவன் என்ன செய்யப்போகிறான் எண்டதை இரண்டு பக்கமும் பிழையாக வாசித்தன. அலிஸின் கப்டன் கிரின்ஸ்டெட் தன் பக்கத்துக் கதையைச் சொல்ல மிஞ்சவில்லை.

மரண விசாரணை ஜூரி, இரண்டு கப்பலிலும் பிழை இருக்கு எண்டது: பைவெல் காசில் நேரத்துக்கு இயந்திரத்தை நிறுத்திப் பின்னோக்கி ஓட்டவில்லை, அலிஸும் நிறுத்தவில்லை. வர்த்தக சபையின் விசாரணை, 1872 விதியைக் காட்டி அலிஸைக் குற்றம் சொன்னது. பிறகு கடல் வழக்கு நீதிமன்றம் இரண்டிலும் பிழை கண்டது. 1879 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பைவெல் காசிலை விடுவித்தது. கடைசி நேரத்தில் அந்தக் கப்பலைத் திருப்பின திருப்பம் பிழைதான். ஆனால் மற்றவன் உண்டாக்கின ஆபத்தின் நடுவில், யோசிக்க நேரமில்லாத கணத்தில் செய்த பிழைக்காக ஒருவரைத் தண்டிக்க முடியாது எண்டது தீர்ப்பு. அந்தக் கணத்துப் பதற்றம் என்ற வாதம் இன்றைக்கும் சட்டம் படிக்கிறவர்கள் படிக்கிற ஒன்று.

தீர்ப்புகள் மாறி மாறி வந்தாலும் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான்: விதி உன் பக்கம் எண்டால், மோத விடலாமா?

இதற்கான பதில் மெல்ல மெல்லத்தான் எழுதப்பட்டது. சுக்கான் கட்டளையைக்கூடப் பாருங்கள். 1863 விதி, இரண்டு கப்பலும் "சுக்கானை இடப்பக்கம் போடவேண்டும்" எண்டு சொன்னது. பழைய சுக்கான் கம்பை இடப்பக்கம் தள்ளினால் கப்பல் வலப்பக்கம் திரும்பும், அதனால் அப்படி. சக்கரச் சுக்கான் வந்து எத்தனையோ காலத்துக்குப் பிறகும் கட்டளை மாறவில்லை. 'இடது' எண்டு சொன்னால் கப்பல் வலது போகும் என்ற இந்தக் குழப்பம் 1930களில்தான் தீர்ந்தது. 1889 இல் வாஷிங்டனில் நாடுகள் கூடி விதிகளைத் திருத்தின. கடைசியில் 1972 இல் இன்றைய சர்வதேச ஒப்பந்தம் எழுதப்பட்டு, 1977 யூலை 15 இல் நடைமுறைக்கு வந்தது.

அந்த ஒப்பந்தத்தை வாசித்தபோது எங்களை நிப்பாட்டின விசயம் ஒன்று. நாங்கள் சாதாரணமாகக் கதைக்கிற 'வழி உரிமை' அதன் நடுவில் இல்லை. இருப்பது இரண்டு கடமை. ஒரு கப்பல் விலகிக் கொடுக்க வேண்டும். மற்றது தன் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் போக வேண்டும். மாற்றாமல் போவதும் கடமைதான், ஏனெண்டால் அப்பதான் விலகுகிறவனால் கணக்குப் போட முடியும். விலக வேண்டியவன் விலகவில்லை, அவனால் மட்டும் மோதலைத் தவிர்க்க ஏலாத நிலை வந்துவிட்டது எண்டால், மற்றவனும் கட்டாயம் ஏதாவது செய்ய வேண்டும். "விதி என் பக்கம்" எண்டு சொல்லிக்கொண்டு போய் இடிக்க அங்கே இடமில்லை.

இன்னொன்று: இயந்திரக் கப்பல் பாய்க்கப்பலுக்கு விலக வேண்டும். வலை போட்டு மீன் பிடிக்கிற படகுக்கு இரண்டும் விலக வேண்டும். எவனால் சுலபமாகத் திரும்ப முடியுமோ அவன்தான் விலகுவது. வசதி உள்ளவனுக்குக் கூடப் பொறுப்பு. வாசிக்க நல்லாத்தான் இருக்கு.

ஆனால் அதே ஒப்பந்தத்தின் 10ஆவது விதியையும் வாசிக்க வேண்டும். பெரிய கப்பல்களுக்கு எண்டு ஒதுக்கின ஒருவழிப் பாதைகளில் இந்த நியாயம் கிட்டத்தட்டத் தலைகீழாகுது. அங்கே மீன்பிடிக்கிற படகும், 20 மீற்றரைவிடச் சிறிய படகும் பாதையில் போகிற கப்பலுக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது. காரணம் இருக்கு: அந்தப் பெரிய கப்பல் நிற்க எத்தனையோ கிலோமீற்றர் வேணும். ஆனால் அந்தப் பாதை போடுவதற்கு முதலே அந்தக் கடலில் வலை போட்டவன் ஒருத்தன் இருந்திருப்பானே?

இது எங்களுக்குத் தூரத்துக் கதை இல்லை. எங்கட தீவின் தெற்கு முனையில், தேவேந்திரமுனைக்கு அப்பால், அப்படி ஒரு பாதை இருக்கு. ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கிற கப்பல்கள் வரிசையாகப் போகிற கடல் அது. கரையில் நின்று பார்த்தால் தெரியும்: வானத்தோடு ஒட்டினமாதிரிப் பெரிய கப்பல்கள், அதற்கு இங்கால சின்னச் சின்ன மீன்பிடிப் படகுகள். இரண்டுக்கும் ஒரே புத்தகம். புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர் மட்டும் பெரும்பாலும் ஒரு பக்கத்து ஆள்.

தேம்ஸில் இறந்தவர்களுக்கு வூல்விச் மயானத்தில் ஒரு கல் சிலுவை நிற்குது. 23,000க்கு மேற்பட்டவர்கள் ஆறு ஆறு பென்ஸாகச் சேர்த்த காசில் கட்டினது. தீர்ப்புச் சொன்னவர்கள் கப்பல்களின் பிழையை அளந்தார்கள். சில்லறை போட்ட சனம் அந்தப் பட்டியலில்லாத ஆக்களை நினைவில் வைத்தது. விதிகளின் வரலாற்றைப் படிக்கும்போது நாங்கள் இந்த இரண்டாவது கணக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும் எண்டு நினைக்கிறம். அடுத்த விதியை எழுதுகிற மேசையில் சின்னப் படகுக்காரனுக்கும் ஒரு கதிரை இருக்குமா எண்டு கேட்கிறதும் அதோட சேர்ந்ததுதான்.