நாட்டிங்ஹாம், 1936: ஒரு சமன்

சதுரங்கத்தின் சரித்திரத்தை ஜெயித்த ஆட்டங்களை வைத்தே எழுதிப் பழகிவிட்டோம். சமன் என்றால் அட்டவணையில் ஆளுக்கு அரைப்புள்ளி, அதோடு சரி. 1936 ஆகஸ்டில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் அலெகினும் போட்வின்னிக்கும் ஆடியதை அந்த அரைப்புள்ளிக்குள் என்னால் அடக்க முடியவில்லை.

வெள்ளைக் காய்கள் அலெகினுக்கு. ரஷ்யாவை விட்டு வெளியேறியவர். எட்டு மாதம் முன்புதான் உலகப் பட்டத்தை யூவேயிடம் இழந்திருந்தார். எதிரே சோவியத் நாடு அனுப்பிய இளைஞர். இது வெறும் பலகை விவகாரம் அல்ல என்பது இருவருக்குமே தெரிந்திருக்கும்.

சிசிலியன் தற்காப்பு, அதிலும் டிராகன். கறுப்பு கோட்டை கட்டிக்கொண்டது. அலெகின் கட்டவில்லை. ராஜா நடுவில் திறந்து நிற்க, பத்தாவது நகர்த்தலில் குதிரைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். சில நகர்த்தல்களில் அவருடைய மந்திரி கறுப்பின் ராணி, குதிரை இரண்டையும் ஒருசேரக் குறிவைத்தது. போட்வின்னிக் யோசித்துக்கொண்டிருக்க, அலெகின் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாராம். போட்வின்னிக்கே பின்னாளில் சொன்னது.

ராணி குதிரையைக் கைவிட்டு வெள்ளையின் எல்லைக்குள் போனாள், ஓரச் சிப்பாயை எடுத்தாள். முதல் குதிரை போயிற்று. போட்வின்னிக் இரண்டாவதையும் கொடுத்தார். பிறகு செக், யானை குறுக்கே வந்தது. மறுபக்கமிருந்து செக், யானை திரும்பிற்று. இருபது நகர்த்தல்களில் முடிந்தது. இரண்டு குதிரை கூடுதலாக வைத்திருந்தும் வெள்ளையால் செக்கிலிருந்து தப்ப வழியில்லை. பலகையில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம், கடைசி நிலையில் யாருக்கும் நிம்மதி இல்லை என்றே எனக்குப் படுகிறது.

வந்த வினை வேறு. ஆட்டம் புத்தகங்களில் ஏறியது. ரிஸ்க் இல்லாமல் அரைப்புள்ளி வேண்டியவர்கள் இதே இருபது நகர்த்தல்களை ஒப்பித்து எழுந்துபோனார்கள். நகர்த்தல்கள் ஒன்றேதான், ஆட்டம் ஒன்றல்ல. (நம் புதுக்கவிதைக்காரர்கள் சிலருக்கும் இந்த வித்தை தெரியும்.)

நாட்டிங்ஹாமில் போட்வின்னிக் காபபிளாங்காவுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அலெகினுக்கு ஆறாமிடம், பட்டத்தை அடுத்த வருஷமே மீட்டார். அதன்பின் இருவரும் ஆடியது 1938இல், ஆவ்ரோ போட்டியில் இரண்டே ஆட்டங்கள்: ஒன்றில் போட்வின்னிக் வென்றார், மற்றது சமன். யுத்தத்துக்குப் பின் பட்டத்துக்கான நேர்ப்போட்டிக்கு ஏற்பாடாகிக்கொண்டிருந்தது. 1946 மார்ச்சில் போர்த்துகலின் எஸ்டோரிலில் அலெகின் இறந்துபோனார்.