நாற்பது மில்லிகிராமும் ஏழாம் நாளும்

மதுவால் ஈரலுக்கு நேரும் கேடுகளில், பல ஆண்டுகளாகத் தழும்பேறி இறுகிப்போகும் கல்லீரல் சுருக்கம் வேறு, சில வாரங்களுக்குள் காமாலையும் காய்ச்சலும் வயிற்று வீக்கமுமாகச் சீறியெழும் கல்லீரல் அழற்சி வேறு. பேச்சு வழக்கில் ‘ஈரல் கெட்டுவிட்டது’ என்பதற்குள் இரண்டும் அடங்கிவிடுவதைப் போலவே, மருத்துவ நூல்களிலும் பின்னது முன்னதன் நிழலில் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. 1911 இல் பாஸ்டன் நகர நோய்க்கூற்றியல் அறிஞர் ஃபிராங்க் மாலரி, குடிநோயாளிகளின் ஈரல் திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, உப்பிய உயிரணுக்களுக்குள் முறுக்கிய கயிற்றுத் துணுக்குகளைப் போன்ற பொருள் திரண்டிருப்பதை விவரித்தார். இத்தகைய உயிரணுக்களைச் சுற்றி வெள்ளணுக்கள் மொய்த்து நிற்பதே அழற்சியின் அடையாளம். எனினும், ‘மதுவினால் வரும் கடுங்கல்லீரல் அழற்சி’ என்ற பெயர் மருத்துவரிடையே ஊன்றியது 1961 இல் பெக்கெட் முதலியோர் இங்கிலாந்தில் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னரே.

தாக்குபவை உடலின் சொந்த வெள்ளணுக்களே என்றால், அவற்றை அடக்கும் மருந்து உயிரைக் காக்க வேண்டும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. 1948 இல் மாயோ மருத்துவமனையில் மூட்டுவாத நோயாளிகளை எழுந்து நடக்கவைத்த கார்டிசோனும், அதன் வழிவந்த பிரட்னிசோலோனும் ஆகிய ஸ்டீராய்டு மருந்துகள் அந்த நம்பிக்கைக்கு வலுவூட்டின. ஆயினும் 1971 முதல் வெளிவந்த சிறுசிறு சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. தானே தேறிவிடக்கூடிய மிதமான நோயாளியும், மயங்கிக் கிடக்கும் கடும் நோயாளியும் ஒரே கூடையில் கலக்கப்பட்டதால், மருந்தின் பயன் யாரிடம் வெளிப்படுகிறது என்பதே தெரியாமல் போனது.

இந்த வரலாற்றில் பெரிய சாதனை எதுவென்றால், மருந்தைக் கண்டதைக் காட்டிலும், அது யாருக்கு உரியது என்று பிரித்தறியும் வழியைக் கண்டதையே சொல்ல வேண்டும். 1978 இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வில்லிஸ் மேட்ரே குழுவினர் 55 நோயாளிகளை ஆராய்ந்து, இரண்டே இரண்டு இரத்தப் பரிசோதனைகளால் ஆபத்தை அளக்கும் சூத்திரத்தை அமைத்தனர். பின்னர் திருத்தம் பெற்று இன்று வழங்கும் வடிவில், இரத்தம் உறைய இயல்பைவிடக் கூடுதலாகும் நொடிகளை 4.6 ஆல் பெருக்கி, காமாலை நிறமியான பிலிருபினின் அளவைக் கூட்ட வேண்டும். 12 நொடியில் உறைய வேண்டிய இரத்தம் 20 நொடி எடுத்து, பிலிருபின் டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராமாக இருந்தால், விடை 46.8. இது 32 ஐத் தொட்டாலே கடும் நோய். இந்த அளவுகோலைக் கொண்டு 66 பேரிடம் கரிதர்ஸ் குழுவினர் நடத்தி 1989 இல் வெளியிட்ட சோதனையில், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 35 விழுக்காட்டினர் 28 நாட்களுக்குள் இறந்தனர். ஸ்டீராய்டு பெற்றவர்களில் இறந்தோர் 6 விழுக்காடு. 1992 இல் பிரான்சின் ராமோன் குழுவினரும் ஒத்த முடிவைக் கண்டபின், நாளுக்கு 40 மில்லிகிராம் பிரட்னிசோலோன், 28 நாள் என்ற முறை நிலைபெற்றது.

அடக்கப்பட்ட நோயெதிர்ப்பு கிருமிகளுக்கு வழிதிறந்துவிடும் என்ற அச்சமோ மருத்துவர்களை விட்டு அகலவில்லை. அதற்கு நியாயமும் இருந்தது. ஆகவே, எப்போது தொடங்குவது என்பதற்கு இணையாக எப்போது நிறுத்துவது என்ற கேள்வியும் எழுந்தது. 2007 இல் பிரான்சின் லில் நகர மருத்துவர்கள், ஏழு நாள் மருந்துக்குப் பின் பிலிருபின் எந்த அளவு இறங்கியது என்பதை மையமாகக் கொண்ட கணிப்பு முறையை வெளியிட்டனர். இதன் மதிப்பு 0.45 க்கு மேற்பட்டால், மருந்து கேட்கவில்லை என்று பொருள். பயனற்ற மருந்தை மேலும் மூன்று வாரம் சுமத்தாமல் நோயாளியை விடுவித்த இம்முறை, உண்மையில் ஒரு கருணைச் செயல்.

பிரித்தானியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்து நடந்து, 2015 இல் வெளிவந்த ஸ்டோபா சோதனை, பழைய நம்பிக்கையைச் சுருக்கியது. பிரட்னிசோலோன் முதல் 28 நாட்களில் இறப்பைச் சற்றுக் குறைப்பதுபோலத் தோன்றினாலும், அவ்வேறுபாடு புள்ளியியல் உறுதியின் எல்லையை எட்டவில்லை. 90 நாட்களிலும் ஓராண்டிலும் எந்தப் பயனும் தென்படவில்லை. கடும் தொற்றோ ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது.

ஆறு மாதம் குடியை நிறுத்தியவருக்கே மாற்று ஈரல் என்ற நெடுநாள் வழக்கம், ஏழாம் நாளிலேயே மருந்து கைவிட்ட இந்நோயாளிகளுக்கு மரணத் தீர்ப்பாகவே இருந்துவந்தது. அவ்வழக்கத்தை மீறி, குடும்பத் துணை உள்ள 26 பேரைத் தேர்ந்து, பிரான்சிலும் பெல்ஜியத்திலும் உடனடியாக மாற்று ஈரல் பொருத்தியதன் முடிவு 2011 இல் வெளியானது: ஆறாம் மாதத்தில் அவர்களில் 77 விழுக்காட்டினரும், ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட மற்றவர்களில் 23 விழுக்காட்டினரும் உயிரோடிருந்தனர். மாற்று ஈரல் பெற்றவர்களில் மீண்டும் மதுவைத் தொட்டவர்கள் மூவர்.