999 பிறந்த வரலாறு

ஆபத்து வேளையில் எந்த எண்ணை அழைப்பது என்று கேட்டால், நம் பள்ளிப் பிள்ளைகள் தயங்காமல் 999 என்பார்கள். அந்த எண் பிறந்த வரலாற்றை இன்று காண்போம்.

1935ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் லண்டன் மாநகரில், விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றியது. அருகில் வசித்த ஒருவர் தீயணைப்புப் படையை அழைக்கத் தொலைபேசியை எடுத்தார். அக்காலத்தில் 0 எண்ணைச் சுழற்றி, இணைப்பகப் பணியாளர் பேசும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஊர்க்கதை பேசுவோரின் அழைப்பும் உயிர் காக்கும் அழைப்பும் அங்கே ஒரே வரிசையில்தான் நின்றன. அவரும் காத்திருக்க நேர்ந்தது. அத்தீயில் ஐந்து பெண்கள் மாண்டனர்.

மனம் வெதும்பிய அவர் ‘டைம்ஸ்’ நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். விசாரணை நடந்தது. அதன் பயனாக 1937ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் லண்டனில் 999 நடைமுறைக்கு வந்தது. அந்த எண்ணைச் சுழற்றினால் இணைப்பகத்தில் மணி ஒலிக்கும். சிவப்பு விளக்கு எரியும். பணியாளர் அதற்கே முதலிடம் தருவார்.

ஏன் 9? 111 என்று வைத்தால், கம்பிகள் ஒன்றோடொன்று உரசினாலே தவறான அழைப்பு போய்விடக்கூடும். பொதுத் தொலைபேசியில் 0 எண்ணைக் காசின்றிச் சுழற்றலாம். பொறியைச் சிறிது மாற்றினால் 9 எண்ணையும் அவ்வாறே சுழற்றலாம். மேலும், இருளிலும் புகையிலும் விரலால் தடவி, 0க்கு அடுத்த துளை 9 என்று கண்டுகொள்ளலாம்.

நம் மலேசியாவிலும் 999 வழங்கலாயிற்று. தீயணைப்புக்கு 994 என்று தனி எண்ணும் இருந்தது. 2007ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தால் காவல், தீயணைப்பு, மருத்துவ வண்டி முதலியன 999 என்ற ஒரே எண்ணின்கீழ் வந்தன. முதலில் பேசுபவர் அழைப்பு மையப் பணியாளரே. விவரம் கேட்டு, உரிய பிரிவுக்கு அவர் இணைப்பார்.

இங்கேதான் நம் கடமை தொடங்குகிறது. “கோயிலுக்குப் பக்கத்து லயம்” என்றால் தோட்டத்தார்க்குப் புரியும். தொலைவில் இருப்பவர்க்குப் புரியுமா? தோட்டத்தின் பெயர், டிவிஷன், அருகிலுள்ள பட்டணம், பெரிய சாலையிலிருந்து திரும்பும் இடம் ஆகியவற்றை நிதானமாகச் சொல்ல வேண்டும். முச்சந்தியில் ஒருவரை நிறுத்தி வைத்தால் வண்டி வழி தவறாது.

வரிசையில் காத்திராமல் பேசும் வழியை வரலாறு நமக்குத் தந்துவிட்டது. இடத்தைத் தெளிவாகச் சொல்லும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு நாம்தான் தர வேண்டும்.